அளந்து, அறுத்து, எடைபோட்டு: பிள்ளைகளுக்குக் காடும் மரமும் கற்றுத்தர ஒரு வழிகாட்டி

பத்து வயதுப் பிள்ளையிடம் மரத்தைப் பற்றிக் கேட்டால் இரண்டு வாசகம் தயாராக வரும்: ‘மரம் வளர்ப்போம்’, ‘மரத்தை வெட்டாதே’. அதைச் சொல்லும்போது அந்தப் பிள்ளை உட்கார்ந்திருப்பது மர பெஞ்சில். கையில் பென்சிலும் நோட்டும் இருக்கும். வீட்டு நிலைக்கதவு, பாட்டியின் அடுப்பு விறகு, கோயில் தேர் எல்லாம் வெட்டிய மரம்தான். எந்த மரத்தை, எங்கிருந்து, எத்தனை ஆண்டு வளர்ந்த பிறகு வெட்டுகிறோம், வெட்டிய இடத்தில் என்ன வளர்கிறது என்று பிள்ளை கேட்கக் கற்றுக்கொள்ள வேண்டும். அந்தக் கேள்வி அளந்தும் அறுத்துப் பார்த்தும்தான் பிறக்கும், வாசகம் ஒப்பித்து வராது. பள்ளிச் சுற்றுச்சூழல் மன்றத்தைப் புதிதாகப் பொறுப்பேற்ற ஆசிரியர்களுக்கும், தெருப் பிள்ளைகளைக் கூட்டிவைத்து ஏதாவது சொல்லித்தர நினைப்பவர்களுக்கும் இந்தக் கட்டுரை.

ஒன்பது முதல் பதின்மூன்று வயது வரை சரியான வயது. நாலைந்து பேர் ஒரு குழுவாக, ஒரு பெரியவருக்கு இருபது பிள்ளைக்கு மேல் வேண்டாம். வாரம் ஒரு நாள், ஒன்றரை மணி நேரம், ஆறு வாரம் என்று திட்டமிடுங்கள்.

தேவையான பொருள்கள் குறைவுதான்: தையல்காரர் டேப், முப்பது மீட்டர் அளவு நாடா, ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு, பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், 80, 120, 220 எண் உப்புத்தாள் தலா ஒன்று, நாற்பது மீட்டர் கயிறு, சாக்பீஸ், ஒரு மெழுகுவத்தி, ஒரு கைப்பிடி புளியங்கொட்டை.

முதல் நாளே தொடங்க வேண்டியது: பச்சை மரத்தைக் காயவைத்தல்

இதற்கு ஆறு வாரம் பிடிக்கும். அதனால் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் இதைத் தொடங்கிவிடுங்கள். இதற்கென்று மரம் எதையும் வெட்ட வேண்டாம். மின்வாரியத்தார் கம்பிக்காகக் கழித்த கிளையோ காற்றில் முறிந்த கிளையோ போதும். ஆனால் அன்று அல்லது முந்தின நாள் விழுந்ததாக இருக்கட்டும். வேம்பு, பூவரசு, தூங்குமூஞ்சி எதுவானாலும் சரி, ஆறு முதல் எட்டு சென்டிமீட்டர் கனமுள்ள கிளையிலிருந்து மூன்று சென்டிமீட்டர் தடிப்பில் மூன்று வில்லைகளை ரம்பத்தால் ஒரு பெரியவர் அறுத்துக் கொடுக்கட்டும்.

முதல் வில்லையை வெயிலில் வையுங்கள். இரண்டாவதை நிழலில், காற்றோட்டமான அலமாரித் தட்டில் வையுங்கள். மூன்றாவதன் இரண்டு வெட்டுமுகத்திலும் உருக்கிய மெழுகைப் பூசி, அதையும் நிழலில் வையுங்கள். மூன்றையும் எடைபோட்டு, எடையையும் தேதியையும் பட்டையின் மேல் எழுதச் சொல்லுங்கள். மெழுகு பூசியதைப் பூசிய பிறகு எடைபோட வேண்டும். முன்னாலேயே எடை எடுத்துவிட்டால் முதல் வாரம் எடை கூடியதுபோல் தெரிந்து பிள்ளைகள் குழம்பிப்போவார்கள்.

வெயிலில் வைத்த வில்லை ஓரிரு நாளிலேயே பட்டையிலிருந்து நடுவை நோக்கி ஆப்பு வடிவத்தில் பிளக்கும். நிழலில் இருப்பது மெதுவாக, சில நேரம் பிளவே இல்லாமல் காயும். மெழுகு பூசியதன் எடை மிகமிக மெதுவாகக் குறையும். காரணம் இதுதான்: காயும்போது மரம் எல்லாப் பக்கமும் ஒரே அளவாகச் சுருங்குவதில்லை. வளையத்தை ஒட்டிச் சுற்றுவாட்டில் சுருங்குவது, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகச் சுருங்குவதைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. சுற்றளவு குறையத் துடிக்கும்போது உள்ளே இருக்கும் மரம் அதற்கு இடம் கொடுக்காது. அதனால்தான் பிளவு. வெட்டுமுகம் வழியாகத்தான் ஈரம் வேகமாக வெளியேறும். மரக்கடையில் தடியின் இரு முனையிலும் பெயின்ட் பூசி வைத்திருப்பதை இனிமேல் பார்த்தால் காரணத்தைப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

ஆறாவது வாரம் கணக்குப் போடுங்கள். பச்சை எடையிலிருந்து காய்ந்த எடையைக் கழித்து, வருவதைக் காய்ந்த எடையால் வகுத்து, நூறால் பெருக்க வேண்டும். 160 கிராம் வில்லை 100 கிராமாக நின்றால் ஈரம் 60 சதவீதம். இது முழுக் கணக்கு அல்ல என்பதையும் சொல்லுங்கள். காற்றில் காய்ந்த மரத்திலும் நூற்றுக்குப் பத்துக்கு மேல் ஈரம் தங்கியிருக்கும். மழைக்காலத்தில் கதவு இறுகுவதும் கோடையில் தளர்வதும் அந்த ஈரம் கூடிக் குறைவதால்தான்.

நிற்கும் மரத்தை அளத்தல்

இந்தியாவில் வனத்துறை மரத்தின் சுற்றளவை எடுக்கும் உயரம் தரையிலிருந்து 1.37 மீட்டர், அதாவது நாலரை அடி. ஒவ்வொரு குழுவும் ஒரு குச்சியை அந்த நீளத்துக்கு வெட்டி வைத்துக்கொள்ளட்டும். குச்சியை மரத்தோடு சாய்த்து, உச்சி படும் இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டு, அந்தக் கோட்டின் மேல் டேப்பைச் சுற்ற வேண்டும். டேப் மரத்தின் பின்பக்கம் இறங்கிவிடுவதுதான் வழக்கமாக வரும் பிழை. அதனால் பின்னால் ஒரு பிள்ளை நின்று பார்க்கட்டும். தையல் டேப் 150 சென்டிமீட்டர்தான். புளி, ஆல் போன்ற பெரிய மரத்துக்கு நூலைச் சுற்றி, சேரும் இடத்தில் முடிச்சுப் போட்டு, பிறகு நூலை அளங்கள். சரிவில் நிற்கும் மரத்துக்கு மேட்டுப் பக்கத்துத் தரையிலிருந்து உயரம் எடுக்க வேண்டும்.

உயரத்துக்குக் குச்சி முறை போதும். கையை நேரே நீட்டி, கண்ணிலிருந்து முஷ்டி வரை உள்ள தூரத்தை நூலால் எடுங்கள். முஷ்டிக்கு மேலே அதே நீளம் நிற்கும்படி குச்சியைச் செங்குத்தாகப் பிடித்துப் பின்னால் நடக்க வேண்டும். முஷ்டியின் மேல்விளிம்பு மரத்தின் அடியோடும், குச்சியின் நுனி மரத்தின் உச்சியோடும் ஒரே நேரத்தில் பொருந்தும் இடத்தில் நின்றுவிடுங்கள். அங்கிருந்து மரம் வரை உள்ள தூரம்தான் மரத்தின் உயரம். கை மடங்கினால் கணக்குக் கெடும், பிள்ளைகள் கட்டாயம் மடக்குவார்கள். ஒரே மரத்தை மூன்று குழுவும் அளந்து விடைகளை ஒப்பிட்டால் யாருடைய கை மடங்கியது என்பது தெரிந்துவிடும். சாய்ந்த மரத்தைச் சாய்வுக்குக் குறுக்கே, பக்கவாட்டில் நின்று பார்க்க வேண்டும்.

அடுத்து மரக்கடைக் கணக்கு. நம் ஊரில் மரத்தை விற்பது கன அடியில். தடியின் நடுச்சுற்றை நாலால் வகுத்து, வந்ததை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தால் பெருக்கினால் கன அடி. நாலடிச் சுற்றும் பத்தடி நீளமும் உள்ள தடி: 1 × 1 × 10, பத்துக் கன அடி. வட்டத்தின் பரப்பைப் படித்த ஏழாம் வகுப்புப் பிள்ளை இதை ஒத்துக்கொள்ளாது. உருளையின் கன அளவு என்று போட்டால் 12.7 வரும். அந்தப் பிள்ளை சொல்வது சரிதான். கால்சுற்று முறை உண்மை அளவில் 78.5 சதவீதத்தை மட்டுமே கணக்கில் எடுக்கும். உருண்டைத் தடியைச் சதுரமாக்கும்போது கழியும் பங்கை முன்கூட்டியே விட்டுவிடும் பழைய வியாபாரக் கணக்கு அது. இந்த இரண்டு விடைக்கும் நடுவில் உள்ள வித்தியாசத்தைப் பேசுவதற்கே ஒரு வகுப்பை முழுதாகக் கொடுங்கள். வீணாகும் மரம் என்பதை எண்ணாகப் பிள்ளைகள் முதன்முதலில் பார்ப்பது அங்கேதான்.

பிறகு வகுப்பறை டெஸ்க் ஒன்றை அளக்கச் சொல்லுங்கள். ஐந்தடி நீளம், ஓரடி அகலம், ஓர் அங்குலத் தடிப்புள்ள மேல்பலகை ஏறத்தாழ 0.42 கன அடி. மூன்றுக்கு இரண்டு அங்குலக் கட்டையில் இரண்டரை அடிக் கால் நான்கும் சேர்ந்து இன்னொரு 0.42. பள்ளியில் இருக்கும் டெஸ்குகளின் எண்ணிக்கையால் பெருக்கி, அது எத்தனை தடி என்று கண்டுபிடிக்கட்டும். அந்த எண்ணைக் கரும்பலகையில் விட்டுவையுங்கள். பெஞ்சில் காம்பஸால் கீறும் பிள்ளைக்குத் தனியாக அறிவுரை சொல்லத் தேவைப்படாது.

ஆச்சாரி பட்டறையில்

வேலை நடக்காத நேரமாகப் பார்த்து, முன்பே சொல்லிவைத்துப் போங்கள். மின்ரம்பம் ஓடும்போது பிள்ளைகள் உள்ளே இருக்கக் கூடாது. மரத்தூளுக்குச் சிலருக்குத் தும்மலும் இழுப்பும் வரும். ஆஸ்துமா உள்ள பிள்ளைகள் வாசலிலிருந்து பார்க்கட்டும்.

ஆச்சாரியிடம் மூன்றை மட்டும் செய்துகாட்டச் சொல்லுங்கள். முதலில், ஒரு பலகையை நார் ஓடும் பக்கமாக இழைப்புளியால் இழைக்கட்டும், நீளமான சுருள் வரும். அதே பலகையை எதிர்ப்பக்கமாக இழைத்தால் பிசிறு எழும்பும். இரண்டையும் விரலால் தடவிப் பார்த்த பிள்ளை நாரின் போக்கை மறக்காது. அடுத்து, நடுவிலிருந்து விளிம்பு வரை உள்ள தேக்குத் துண்டில் வைரம் எது, வெள்ளை எது என்று காட்டட்டும். உள்ளே இருக்கும் வைரம் பழுப்பு, பட்டையை ஒட்டிய வெள்ளை வெளிறியது. மரம் உயிரோடு இருந்தபோது நீர் ஏறியது வெள்ளை வழியாக. அதில் மாவுச்சத்து மிச்சம் இருக்கும், அதனால் வண்டு துளைப்பதும் அங்கேதான் அதிகம். பழைய சட்டம் ஒன்று பட்டறையில் கிடந்தால் துளைகள் எந்தப் பகுதியில் இருக்கின்றன என்று தேடச் சொல்லுங்கள். கடைசியாக, ஒரு பிளைவுட் துண்டின் விளிம்பை எண்ணட்டும். அடுக்குகள் ஒற்றைப்படையாக இருக்கும், ஒன்றுக்கொன்று குறுக்காக ஓடும். சுருங்கும் போக்கை ஒன்றையொன்று பிடித்து நிறுத்துவதற்காக அப்படி ஒட்டுகிறார்கள். காயும் வில்லைகளைப் பார்த்துவரும் பிள்ளைகளுக்கு இது ஒரு நொடியில் புரியும்.

திரும்பும்போது தேக்கு, மா, வேம்பு, புளி, சவுக்கு என்று கிடைக்கும் கழிவுத் துண்டுகளைப் பெயர் எழுதி வாங்கி வாருங்கள். முடிந்தால் பத்து சென்டிமீட்டர் நீளம், இரண்டுக்கு இரண்டு சென்டிமீட்டர் கனம் என்று அறுத்துத் தரச் சொல்லுங்கள்.

வளையம் எண்ணுதல்: தேக்கில் மட்டும் தொடங்குங்கள்

வளையத்தை எண்ணினால் வயது தெரியும் என்று பாடநூலில் படித்துவிட்டு, பள்ளிக்குப் பின்னால் கிடக்கும் மா அடிக்கட்டையைச் சுற்றிப் பிள்ளைகளை உட்காரவைப்பார்கள். ஒன்றும் தெரியாது. நம் சமவெளியில் பெரும்பாலான மரங்கள் ஆண்டு முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக வளர்பவை, வளையம் தெளிவாக விழாது. தேக்கு விதிவிலக்கு. கோடையில் முழுவதும் இலை உதிர்த்து, மழையோடு திரும்ப வளரத் தொடங்கும்போது பெரிய துளைகளை ஒரே வரிசையாகப் போடும். அந்த வரிசைதான் ஓர் ஆண்டின் தொடக்கம்.

தேக்குத் துண்டின் வெட்டுமுகத்தை 80, 120, 220 என்ற வரிசையில் உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். இடையில் ஒன்றை விட்டுவிட்டால் முந்தின தாளின் கீறல் அப்படியே தங்கி வளையத்தை மறைக்கும். பிறகு ஈரத்துணியால் ஒரு தடவை துடைத்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் கைலென்ஸைக் கண்ணுக்கு ஒட்டிப் பிடித்து, துண்டைக் கண்ணருகே கொண்டுவர வேண்டும். ஊசிக்குத்துப்போல் துளைகள் வரிசையாக வளைந்து போவது தெரியும். அதற்கு அப்பால் துளைகள் சிறுத்து, நெருங்கி, மறுபடி ஒரு பெரிய வரிசை வரும். ஒவ்வொரு வரிசையிலும் பென்சிலால் ஒரு புள்ளி வைத்து எண்ணட்டும். மழை பொய்த்து மறுபடி பெய்த ஆண்டில் பொய் வளையம் ஒன்று விழலாம். அது முழு வட்டமாக ஓடாமல் பாதியில் மங்கிப்போகும்.

மா, வேம்புத் துண்டுகளையும் இதேபோல் தேய்த்துப் பார்க்கட்டும். துளைகள் முகம் முழுக்கச் சிதறிக் கிடக்கும்.

மிதக்கவிட்டு அடர்த்தி காணுதல்

பத்து சென்டிமீட்டர் துண்டில் சென்டிமீட்டருக்கு ஒரு கோடு போடுங்கள். தண்ணீர் பாட்டிலின் கழுத்தை அறுத்து எடுத்துவிட்டு நிறையத் தண்ணீர் ஊற்றி, துண்டைச் செங்குத்தாக விடுங்கள். அகலமான வாளியில் விட்டால் துண்டு படுத்துவிடும், அதனால்தான் ஒடுக்கமான பாட்டில். ஆறரைக் கோடு வரை மூழ்கினால் தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி 0.65. நல்ல தேக்கு ஏறத்தாழ அந்த இடத்தில் நிற்கும். புளியும் சவுக்கும் இன்னும் ஆழமாகப் போகும். காய்ந்த துண்டாக இருக்க வேண்டும், விட்ட உடனே படிக்க வேண்டும். ஐந்து நிமிடம் விட்டால் நீர் உறிஞ்சி எண் ஏறிவிடும்.

இப்போது எந்த மரம் எந்த வேலைக்கு என்ற பேச்சுக்கு வாருங்கள். கறிக்கடை அடிக்கட்டை புளி, ஏனென்றால் அது வெட்டைத் தாங்கும், எளிதில் சிம்பு பிரியாது. செக்குக்கு வாகை. மிருதங்கத்துக்கும் தஞ்சாவூர் வீணைக்கும் பலா. நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு ஆச்சா, அதுவும் பழைய வீடுகளில் ஆண்டுக்கணக்கில் இருந்து காய்ந்த ஆச்சா. தீக்குச்சிக்குப் பெருமரம் போன்ற லேசான, சீராகச் சீவ வரும் மரம். தேக்கு விலை கூடியது என்பது பிள்ளைகளுக்கு ஏற்கனவே தெரியும். அதைவிடக் கனமான மரங்கள் இருக்கும்போது ஏன் தேக்கு என்று கேளுங்கள். காய்ந்த பிறகு அதிகம் கோணாது, அதன் எண்ணெய்ப்பசை கறையானையும் ஈரத்தையும் தடுக்கும், உளிக்கும் இணங்கும்.

பனையை விட்டுவிடாதீர்கள். பனஞ்சட்டத்தின் குறுக்குவெட்டில் வெளிப்புறம் கறுத்து இரும்புபோல் இருக்கும், உள்ளே சோறு மாதிரி மென்மையாக இருக்கும். மற்ற மரத்துக்கு நேர் எதிர். வளையமே கிடையாது.

புளியங்கொட்டைக் காடு

நான்கு குழு, நடுவில் ஒரு தட்டு, அதில் நாற்பது கொட்டை. ஒரு சுற்று என்பது ஓர் ஆண்டு. ஒவ்வொரு குழுவும் எத்தனை எடுக்கப்போகிறோம் என்பதை, ஒன்று முதல் நாலு வரை, சீட்டில் எழுதி ஒரே நேரத்தில் காட்டி எடுக்க வேண்டும். எல்லோரும் எடுத்த பிறகு மிச்சமிருப்பதில் நாலுக்கு ஒன்று வீதம் புதிதாகச் சேருங்கள். ஆனால் தட்டில் நாற்பதுக்கு மேல் போகக் கூடாது, ஏனென்றால் நிலம் அவ்வளவுதான்.

ஆளுக்கு நாலு எடுத்தால் நாற்பது முப்பதாகும், பிறகு பதினேழாகும், மூன்றாம் ஆண்டு எடுத்த பின் ஒரே கொட்டை மிஞ்சும். ஆளுக்கு மூன்று என்றால் நாலு ஆண்டு ஓடி, ஐந்தாம் ஆண்டு எல்லோருக்கும் பங்கு வராது. ஆளுக்கு இரண்டு எடுத்தால் மிச்சம் முப்பத்திரண்டு, அதில் எட்டு வளரும், மறுபடி நாற்பது. எத்தனை ஆண்டு வேண்டுமானாலும் ஆடலாம். முதலில் பேசாமல் ஆடவிடுங்கள், தோற்கட்டும். இரண்டாவது ஆட்டத்தில் பேச அனுமதியுங்கள். முதலைத் தொடாமல் வட்டியை மட்டும் எடுப்பது என்று யாராவது ஒரு பிள்ளை சொல்லும் வரை விடையை நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.

இந்த விளையாட்டு முடிந்த கையோடு வரலாறு சொன்னால் மனதில் பதியும். கப்பல் கட்ட மலபார்த் தேக்கு தீர்ந்துகொண்டே வந்ததால், 1840களில் மலபார் ஆட்சியர் கனோலியும் அவருக்குக் கீழே சாத்து மேனனும் நிலம்பூரில் தேக்குத் தோட்டம் போட்டார்கள். அதன் ஒரு பகுதி இன்றும் நிற்கிறது. ரயில்பாதைக் கட்டைகளுக்கான தேவை காட்டை இன்னும் வேகமாகக் கரைத்தது. மதராஸ் வனச்சட்டம் 1882இல் வந்தது. ஆனைமலையின் டாப்ஸ்லிப்பில் தடிகளைச் சரிவில் உருட்டிவிட்டார்கள், பெயரும் அப்படி வந்ததுதான். வெட்டி ஓய்ந்த அந்தக் காட்டில் தேக்கைத் திரும்ப வளர்த்த வன அதிகாரி ஹ்யூகோ வுட் 1933இல் இறந்து, அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார்.

காடு வேறு, தோப்பு வேறு

கயிற்றைப் பத்து மீட்டருக்கு ஒரு முடிச்சாகக் கட்டி, பத்துக்குப் பத்து மீட்டர் சதுரம் போடுங்கள். மூலைவிட்டம் 14.1 மீட்டர் இருந்தால் சதுரம் சரி. ஒரு சவுக்குத் தோப்பில் ஒன்று, அருகிலுள்ள கோயில் காட்டில் ஒன்று. உள்ளே எத்தனை வகை மரம், முழங்காலுக்குக் கீழே எத்தனை கன்று, பட்டுப்போய்க் கிடக்கும் மரம் எத்தனை, தரையில் சருகு எத்தனை விரல் கனம் என்று எண்ணி எழுதட்டும். பெயர் தெரியாத மரத்துக்கு ‘அ’, ‘ஆ’ என்று பெயர் வைத்து இலையை வரைந்தால் போதும். பெயர் கேட்டே நேரம் போய்விடுவதுதான் இங்கே நடக்கும் கோளாறு.

தோப்பில் ஒரே வகை, ஒரே வயது, வரிசை. அதைக் காடு என்று பிள்ளை சொன்னால் எண்களைக் காட்டுங்கள். ஆனால் தோப்பைத் தாழ்த்திப் பேச வேண்டாம். சவுக்கு வேரில் உள்ள முடிச்சுகள் காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்து மண்ணுக்குக் கொடுக்கின்றன. மூன்று முதல் ஐந்து ஆண்டில் வெட்டப்படும் அந்த மரம் சாரக்கழியாகவும் காகிதக் கூழாகவும் போவதால், அந்த அளவுக்கு இயற்கைக் காட்டின் மேல் கை விழுவது குறைகிறது. கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் உள்ள தமிழ்நாடு காகித ஆலை கரும்புச் சக்கையைக் கொண்டு தொடங்கப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். காகிதம் எல்லாமே மரம் இல்லை.

காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் போகக் கூடாது, உதிர்ந்த சருகானாலும் எடுத்துவரக் கூடாது. கோயில் காட்டில் ஊர்ப் பெரியவர்களைக் கேட்டு, செருப்பைக் கழற்றச் சொன்னால் கழற்றி, நுழையுங்கள். கோவைப் பக்கம் இருப்பவர்கள் 1902இல் திறக்கப்பட்ட காஸ் வன அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளை ஒருமுறை கூட்டிப்போகலாம்.

நடுவது கடைசியில்

பலர் நடுவதில் தொடங்கி அதோடு நிறுத்திவிடுகிறார்கள். அளந்து பழகிய பிறகு நட்டால்தான் அந்தக் கன்றைப் பிள்ளை திரும்பிப் பார்க்கும்.

வேப்பங்கொட்டையைப் பழம் விழும் ஆனி, ஆடியிலேயே சதை கழுவி, இரண்டு வாரத்துக்குள் ஊன்றிவிட வேண்டும். பாட்டிலில் போட்டு அடுத்த பருவத்துக்கு வைத்தால் ஒன்றும் முளைக்காது, முளைப்புத்திறன் அவ்வளவு சீக்கிரம் போய்விடும். புளியங்கொட்டையை ஓர் இரவு ஊறவைத்து ஊன்றலாம். தேக்கங்கொட்டையின் ஓடு கடினமானது. பகலில் வெயிலில் காயவைத்து இரவில் நீரில் ஊறவைப்பதை ஒரு வாரத்துக்கு மேல் திரும்பத் திரும்பச் செய்தாலும் பாதிகூட முளைக்காமல் போகலாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். பூவரசுக்குப் போத்து, அதாவது வெட்டிய கிளைத்துண்டு, நட்டால் போதும். குழி ஒன்றரை அடி நீள அகல ஆழம். மேல்மண்ணைத் தனியே வைத்து, மக்கிய எருவோடு கலந்து முதலில் அதையே போட வேண்டும். பாலித்தீன் பையைக் கிழிக்காமல் நட்டால் வேர் உள்ளேயே சுருண்டு இரண்டு ஆண்டில் மரம் நின்றுபோகும். இது அடிக்கடி நடக்கிறது.

நட்ட அன்றே ஒரு பெரிய நோட்டில் மரத்தின் பெயர், நட்ட தேதி, நட்டவர் வகுப்பு ஆகியவற்றை எழுதுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை, தைப்பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் வாரத்தில், பள்ளி வளாகத்தில் உள்ள எல்லா மரத்தின் சுற்றளவையும் அதே 1.37 மீட்டரில் எடுத்து அந்த நோட்டிலேயே ஏற்றுங்கள். நோட்டு ஒரு ஆசிரியரின் பையில் இருந்தால் அவர் மாற்றலாகும்போது அதுவும் போய்விடும். பள்ளி நூலகத்தில், பதிவேட்டு எண் கொடுத்து வையுங்கள்.